வரலாற்றுக் கட்டுரை: தெரிந்ததையெல்லாம் எழுதாதீர்கள்

உயர்நிலைப் பள்ளித் தேர்வுகளில் வரலாற்றுக் கட்டுரை எழுதுவது குறித்து மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பாடம் முழுக்க எனக்கு அத்துப்படி. ஆண்டு, பெயர் எதிலும் தவறு வருவதில்லை. ஆனாலும் கட்டுரைக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கிறது. 'கதையாக இருக்கிறது' என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். கதை சொல்லாமல் வரலாற்றை எப்படி எழுதுவது?

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கை பற்றியது. 'ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததற்கு வெர்சாய் உடன்படிக்கையே முதன்மைக் காரணம். இக்கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?'

நன்றாகப் படித்த மாணவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: "1919 ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. ஜெர்மனியின் ராணுவம் 1,00,000 பேராகக் குறைக்கப்பட்டது. 231ஆவது பிரிவு போருக்கான பொறுப்பை ஜெர்மனியின் மேல் சுமத்தியது. 1921இல் இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க் என முடிவு செய்யப்பட்டது. ஜெர்மானியர்கள் ஆத்திரமடைந்தனர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்."

இதில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. ஆத்திரத்துக்கும் ஆட்சிக்கும் நடுவே 14 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை 'பின்னர்' என்ற பாவனையில் தாண்டிவிட்டார். மதிப்பெண் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதே தகவல் கையிருப்பை வைத்து இப்படி எழுதலாம்: "வெர்சாய் மீதான ஆத்திரம் ஹிட்லருக்குப் பேசப் பொருள் தந்தது, ஆட்சியைத் தந்துவிடவில்லை. கையெழுத்தாகி 9 ஆண்டுகள் கழித்து, 1928 மே தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தவை 2.6 சதவீத வாக்குகளும் 12 இடங்களும்தான். ஆத்திரம் மட்டுமே போதும் என்றால் அப்போதே அக்கட்சி வளர்ந்திருக்க வேண்டும். 1929இல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய பிறகே அதன் வாக்கு 1930 செப்டம்பரில் 18.3 சதவீதமாகவும், வேலையில்லாதோர் 60 லட்சத்தை எட்டிய 1932இல், ஜூலைத் தேர்தலில் 37.3 சதவீதமாகவும் ஏறியது. எனவே உடன்படிக்கை நெடுநாள் பின்னணி. மக்களை நாஜிகள் பக்கம் தள்ளியது பெருமந்தம்."

முதல் வாக்கியமே கேள்விக்கு ஒரு விடையாக இருக்கிறது. அடுத்து ஆதாரம். அதற்கடுத்து, அந்த ஆதாரம் எதை நிரூபிக்கிறது என்ற விளக்கம். கடைசியில் கேள்விக்கே திரும்பி வருகிறது. எல்லாப் பத்திக்கும் இந்த வரிசை அப்படியே இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் மூன்றாவதாக உள்ள விளக்கம் மட்டும் எந்தப் பத்தியிலும் விடுபடக்கூடாது. 'ஆத்திரம் மட்டுமே போதும் என்றால்...' என்ற அந்த ஒரு வரியைத்தான் பெரும்பாலானோர் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, தாளில் எழுதாமல் விடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புகிறவர்களுக்கு: 1932 நவம்பர்த் தேர்தலில் நாஜிகளின் வாக்கு 33.1 சதவீதமாகக் குறைந்தது; இடங்கள் 230இலிருந்து 196 ஆயின. இறங்குமுகத்தில் இருந்த கட்சியின் தலைவர் 1933 ஜனவரி 30 அன்று சான்சலர் (அரசின் தலைவர்) ஆனது எப்படி? முன்னாள் சான்சலர் பாப்பன் போன்றோர் நடத்திய பேரமும், அதிபர் ஹிண்டன்பர்க் அதற்கு இணங்கியதும் இல்லாமல் இதை விளக்க முடியாது. இந்த ஒரு எண் தெரிந்திருந்தால், வெர்சாயா பெருமந்தமா என்று ஓடிக்கொண்டிருந்த கட்டுரை வேறொரு தளத்துக்குப் போய்விடும்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பழைய கட்டுரை ஒன்றை எடுங்கள். நடந்ததைச் சொல்லும் வாக்கியங்களுக்கு நீல நிறத்திலும், 'ஏன்', 'அதனால் என்ன' என்று சொல்லும் வாக்கியங்களுக்குச் சிவப்பு நிறத்திலும் அடிக்கோடு போடுங்கள். ஒரு பத்தி முழுக்க நீலமாக இருந்தால் உங்கள் ஆசிரியர் 'கதை' என்று எழுதியது அந்தப் பத்தியைப் பார்த்துத்தான்.

விவரி, விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக... இவற்றுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? எப்படிக் கேட்டாலும் எழுதப்போவது அதே பாடம்தானே?

பாடம் அதேதான்; விடை வேறு. 'விவரி' என்றால் நடந்ததை வரிசையாகவும் துல்லியமாகவும் சொன்னால் போதும். அங்கே கதைக்கு இடமுண்டு. 'காரணங்களை விளக்குக' என்றால் ஒவ்வொரு காரணமும் விளைவை எப்படி உண்டாக்கியது என்று காட்ட வேண்டும். 'எந்த அளவுக்கு', 'மதிப்பிடுக' என்றால் முடிவாக ஒரு தீர்ப்பும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நியாயமும் வேண்டும்.

அதிகம் தடுக்கி விழுவது 'ஒப்பிடுக' என்ற இடத்தில்தான். '1905, 1917 பிப்ரவரி ஆகிய ரஷ்யப் புரட்சிகளை ஒப்பிடுக' என்றால் முதல் பக்கத்தில் 1905ஐயும் இரண்டாம் பக்கத்தில் 1917ஐயும் எழுதிவிட்டு, 'இவ்வாறு இரண்டும் வேறுபட்டன' என்று முடித்துவிடுகிறார்கள். ஒப்பிடும் வேலையைத் திருத்துபவரின் தலையில் கட்டினால் மதிப்பெண்ணை எதற்குத் தருவார்? பத்திக்கு ஓர் அளவுகோல் என்று எடுங்கள். ராணுவம்: 1905இல் பெரும்பகுதி ஜார் மன்னருக்கு விசுவாசமாக நின்றது, 1917இல் பெட்ரோகிராட் படைகள் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. எதிர்த்தரப்பு: 1905 அக்டோபர் அறிக்கை மிதவாதிகளைப் பிரித்தெடுத்தது, 1917இல் அப்படிப் பிரிக்கும் சலுகை எதையும் ஜார் உரிய நேரத்தில் தரவில்லை. இரண்டு ஆண்டுகளும் ஒரே பத்தியில் முட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் மூன்று இடங்களில் அடிக்கோடு போடுங்கள்: கட்டளைச் சொல், பேசுபொருள், கால எல்லை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதே இல்லை. '1919 முதல் 1929 வரை' என்று கேட்டிருக்கும்போது 1933 வரை எழுதினால் அந்த நான்கு ஆண்டுகளுக்கும் சுழியம்தான். நேரமும் போச்சு.

முன்னுரை எழுதவே கால் மணி நேரம் போய்விடுகிறது. எப்படித் தொடங்குவது?

மூன்று அல்லது நான்கு வாக்கியம் போதும். கேள்வியில் உள்ள சிக்கல் என்ன, உங்கள் விடை என்ன, அதை எந்தெந்தக் காரணங்கள் வழியாகக் காட்டப்போகிறீர்கள். 'மனித வரலாறு தோன்றிய காலம் முதல் போர்கள் நடந்து வருகின்றன' வகை வாக்கியங்களை அடித்துவிடுங்கள். அவை எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும்; அதனாலேயே எதற்கும் பயன்படாது. தொடக்கம் ஓடவே இல்லையென்றால் ஐந்து வரி இடம் விட்டுவிட்டு முதல் காரணத்துக்குப் போய்விடலாம். உடற்பகுதி முடிந்தபிறகு முன்னுரை தானாக வரும்.

நேரம் எப்போதும் போதவில்லை. கடைசிக் கட்டுரை பாதியில் நிற்கிறது. திட்டம் போட்டு எழுது என்கிறார்கள். எழுதவே நேரமில்லாதபோது திட்டத்துக்கு எங்கே போவது?

முதலில் ஒரு சிறு கணக்கு. மொத்த நிமிடங்களில் 10ஐக் கழியுங்கள் (கேள்வித்தாளைப் படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும்). மீதியை மொத்த மதிப்பெண்ணால் வகுங்கள். 90 நிமிடம், 60 மதிப்பெண் என்றால் 80ஐ 60ஆல் வகுக்க, ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ 1.3 நிமிடம். 16 மதிப்பெண் கட்டுரைக்கு 21 நிமிடம். 4 மதிப்பெண் வினாவுக்கு 5 நிமிடம். உங்கள் தேர்வுக்கான எண்களைப் போட்டு இந்தக் கணக்கை முன்கூட்டியே செய்துவிடுங்கள். 4 மதிப்பெண் வினாவுக்கு ஆசையாசையாகப் பக்கம் நிறைய எழுதுவதுதான் கடைசிக் கட்டுரை பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம்.

21 நிமிடத்தில் 3 நிமிடம் திட்டத்துக்கு. திட்டம் என்றால் அழகான வரைபடம் இல்லை. முதல் உலகப் போர் ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு இவ்வளவு போதும்:

விடை: கூட்டணிகள் போரைப் பரப்பின, தொடங்கி வைத்தது 1914 ஜூலை முடிவுகள்.
1. கூட்டணி – 1882, 1907 – ஆனால் 1908, 1912-13 பால்கன் நெருக்கடிகளில் பெரும்போர் வரவில்லையே?
2. ஆயுதப் போட்டி – டிரெட்நாட் போர்க்கப்பல் 1906 – அச்சம்.
3. ஜூலை – ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குத் தந்த நிபந்தனையற்ற ஆதரவு, ஜூலை 5. ரஷ்யப் படைதிரட்டல், ஜூலை 30. ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைவு, ஆகஸ்ட் 4.

முதல் வரியில் விடை இருப்பதைக் கவனியுங்கள். விடையை முடிவு செய்யாமல் எழுதத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் பக்கத்தில் நின்று யோசிப்பார்கள். சிலர் மனம் மாறி, முதல் பக்கத்துக்கு நேர்மாறாக முடிவுரை எழுதுவார்கள். திட்டத்துக்குச் செலவிட்ட 3 நிமிடம் அங்கே திரும்பக் கிடைத்துவிடும். 1908, 1912 பற்றிய அந்தக் கேள்விக்குறியும் முக்கியம். அதே கூட்டணிகள் இருந்தும் அப்போது ஏன் பெரும்போர் வரவில்லை என்று கேட்டால் 'கூட்டணி' பத்தி மனப்பாடப் பத்தியாக இருக்க முடியாது.

அப்படியும் நேரம் தீர்ந்துவிட்டால், மீதியைக் குறிப்புகளாக எழுதி, இரண்டு வரியில் தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள். தேர்வு விதிகள் எப்படியிருந்தாலும் வெற்றிடத்துக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

என் மகளின் தோழி கூடுதல் தாள் வாங்கி எழுதுகிறாள். என் மகள் இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறாள். அதிகம் எழுதினால்தானே மதிப்பெண்?

இரண்டு பக்கத்தில் மூன்று தெளிவான வாதங்களும் ஒரு தீர்ப்பும் இருந்தால் போதும். உங்கள் மகளின் பத்திகளை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு குறிப்பிட்ட ஆதாரங்கள் (பெயர், ஆண்டு, எண், சட்டம் ஏதாவது) இருக்கின்றனவா? இருந்தால் பக்கக் கணக்கை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் குறை நீளத்தில் இல்லை, தகவலில். கூடுதல் தாளில் பெரும்பாலும் அரைத்த மாவையே அரைத்திருப்பார்கள்.

முக்கியமான 10 கட்டுரைகளை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். போதுமா?

ஆதாரங்களை மனப்பாடம் செய்யுங்கள், கட்டுரையைச் செய்யாதீர்கள். 'பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள்' என்று உருப்போட்டவரிடம் 'நிதி நெருக்கடி இல்லாமல் 1789இல் புரட்சி வெடித்திருக்குமா?' என்று கேட்டால், கை பழைய கட்டுரையைத்தான் எழுதும். நிதி நெருக்கடி அதில் மூன்றாவது பத்தியாக, மற்றவற்றுக்குச் சமமாக வந்து போகும். கேள்வியோ அதை நடுவில் வைத்திருக்கிறது.

பதிலாக ஒரு தலைப்புக்கு ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8 முதல் 10 தகவல்கள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இது எதற்குச் சான்று?' என்று ஒரு வரி. 1614க்குப் பிறகு முதன்முறையாக 1789 மே மாதம் மூன்று வகுப்பார் பேரவை (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அவை) கூட்டப்பட்டது – மன்னருக்குக் கடனைச் சமாளிக்க வேறு வழி இல்லாமல் போனதற்குச் சான்று. 1788 விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது – அரசியல் பூசல் தெருவுக்கு வந்ததற்குச் சான்று. இப்படி வைத்திருந்தால் அதே அட்டை நான்கு விதக் கேள்விகளுக்கு உதவும்.

ஆண்டுகளே நினைவில் நிற்பதில்லை. எத்தனை ஆண்டுகள் தெரிந்தால் போதும்?

ஒரு பாடப்பகுதிக்கு 10 முதல் 15 நங்கூர ஆண்டுகள். மற்றவற்றில் எது முன்னே எது பின்னே என்ற வரிசை தெரிந்தால் போதும். நாள் தவறினால் நட்டம் சிறிது. வரிசை தவறினால் வாதமே சரிந்துவிடும். 'வார்சா ஒப்பந்தத்துக்குப் பதிலடியாக நேட்டோ அமைக்கப்பட்டது' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ 1949 ஏப்ரல்; சோவியத் அணியின் வார்சா ஒப்பந்தம் 1955 மே. பதிலடி கொடுத்தது மறுபக்கம். பெர்லின் முற்றுகையையும் (1948-49) பெர்லின் சுவரையும் (1961) ஒன்றாக்கிவிடுவதும் இதே வகைத் தவறுதான்.

ஆண்டு உறுதியாகத் தெரியவில்லையா? '1930களின் தொடக்கத்தில்' என்று எழுதுங்கள். தோராயத்தை மன்னிப்பார்கள். அடித்துவிட்ட எண்ணை மன்னிக்க மாட்டார்கள். அறிஞர் கூற்றுகளுக்கும் இதே விதிதான். வரலாற்றாசிரியர் சொன்னதாக நீங்களே ஒன்றை இட்டுக்கட்டி மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். பள்ளி அளவில் மேற்கோளே இல்லாமலும் முழு மதிப்பெண் வாங்க முடியும்.

இரு தரப்பையும் எழுதிவிட்டு 'இரண்டும் முக்கியமே' என்று முடிக்கிறேன். நடுநிலையாக இருப்பது தவறா?

தவறில்லை, ஆனால் அது விடையும் இல்லை. தீர்ப்புக்கு ஓர் அளவுகோல் வேண்டும். 'இது இல்லாமல் நடந்திருக்குமா?', 'ஏன் அந்த ஆண்டில் நடந்தது, முன்னே ஏன் இல்லை?', 'மற்ற காரணங்களை இயக்கியது எது?' என்ற மூன்றில் ஒன்றைக் கையில் எடுங்கள். 1857 எழுச்சி பற்றிய கேள்வியில் கொழுப்புத் தடவிய தோட்டாக்களும் 1856இல் அவத் இணைக்கப்பட்டதும் 'இரண்டும் முக்கியமே' என்று சொல்வதைவிட, 'மீரட்டில் 1857 மே மாதம் பற்றவைத்தது தோட்டா. சிப்பாய்க் கலகத்தோடு நிற்காமல் அவத் கிராமங்கள் வரை எழுச்சி பரவியதை அந்த இணைப்பு இல்லாமல் விளக்க முடியாது' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு காரணங்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது. எது எந்த வேலையைச் செய்தது என்பதும் தெரிந்துவிட்டது.

முடிவுரையில் புதிய தகவல் வேண்டாம். முன்னுரையை வேறு சொற்களில் திரும்ப எழுதவும் வேண்டாம்.

மூல ஆதாரத்தைக் கொடுத்து 'இது எவ்வளவு பயனுள்ளது?' என்று கேட்கிறார்கள். 'எழுதியவர் ஒருதலைப்பட்சமானவர், ஆகவே பயனில்லை' என்றால் மதிப்பெண் வரவில்லை.

ஒருதலைப்பட்சமும் ஒரு தகவல்தான். 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் ஃபுல்டனில் சர்ச்சில் ஆற்றிய 'இரும்புத்திரை' உரையின் ஒரு பகுதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோவியத் நோக்கங்கள் என்ன என்று அறிய அது பலவீனமான சான்று. சோவியத் விரிவாக்கத்தைப் பற்றி அமெரிக்கர்களிடம் என்ன அச்சத்தை விதைக்க விரும்பினார்கள் என்று அறிய அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆகவே 'பயனுள்ளதா' என்பதற்கு முன் 'எதை அறிய?' என்று கேளுங்கள்.

பிறகு பேசியவர், இடம், காலம். சர்ச்சில் அப்போது பிரிட்டன் பிரதமர் இல்லை. 1945 தேர்தலில் தோற்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். ஆனால் மேடையில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் உட்கார்ந்திருந்தார். அதற்காக இதை அமெரிக்க அரசின் கொள்கை அறிவிப்பாகக் கொள்ள முடியாது. சோவியத் விரிவாக்கத்தைத் தடுக்கும் அமெரிக்கக் கொள்கையான ட்ரூமன் கோட்பாடு ஓராண்டு கழித்து, 1947 மார்ச்சில்தான் வந்தது. இப்படி வெளியிலிருந்து ஒரு தகவலைக் கொண்டுவந்து மூலத்தின்மேல் உரசிப் பார்ப்பதற்குத்தான் உயர்ந்த மதிப்பெண். மூலத்தில் உள்ளதையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் பாதியைத் தாண்டாது.

நான் வரலாற்று ஆசிரியை. பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுக்கிறேன். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள்.

திருத்தத்தைக் குறையுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு குறையைச் சுட்டிக்காட்டி, ஒரே ஒரு பத்தியைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அதை வகுப்பிலேயே, 10 நிமிடத்தில். திரும்ப எழுதிய பத்தியைப் பார்த்த பிறகே மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். 'இன்னும் ஆழமாக எழுது' என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. '1928இல் 2.6 சதவீதம் என்று எழுதியிருக்கிறாய். அது எதைக் காட்டுகிறது? ஒரு வாக்கியம் சேர்' என்று எழுதினால் மாணவர் உடனே செய்வார்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது. தினமும் ஒரு கட்டுரை எழுதட்டுமா?

வேண்டாம், சலித்துவிடும், கையும் வலிக்கும். வாரத்தில் ஐந்து நாள், பழைய கேள்வித்தாளில் ஒரு கேள்விக்குத் திட்டம் மட்டும் போடுங்கள். முதலில் 10 நிமிடம், மூன்றாம் வாரத்துக்குள் 3 நிமிடம். ஆறாம் நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கட்டுரை, புத்தகத்தைத் திறக்காமல். அதை அன்றே திருத்தாதீர்கள். மறுநாள் நீல, சிவப்புப் பேனாக்களோடு உட்காருங்கள். மதிப்பெண் வழங்கும் விதிமுறை கிடைத்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். மிக மோசமான ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதிவிட்டு மூடிவிடலாம்.